எலிங்டன் பெட்டியும் நானும்: பத்து வருடக் கணக்கு

அமெரிக்க ஜாஸ் பேண்ட் தலைவர், பியானோ கலைஞர் ட்யூக் எலிங்டனின் 'தி பிளாண்டன்–வெப்ஸ்டர் பேண்ட்' என் கைக்கு வந்து பத்து வருடம் ஓடிவிட்டது. 1940–42 பதிவுகளைத் தொகுத்து 1986-ல் வந்த மூன்று சிடி பெட்டி, 66 பாட்டு. பழைய சிடி விற்பவர் ஒருவரிடம் வாங்கினேன். உறை ஓரம் உடைந்திருந்தது, இரண்டாவது தட்டில் கீறல். "விலையப் பாருங்க சார்" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது?

போட்டதும் வந்த முதல் பாட்டு ஏமாற்றிவிட்டது. 'யூ, யூ டார்லின்' என்று ஹெர்ப் ஜெஃப்ரீஸ் குழைந்து குழைந்து பாடும், எங்கும் கிடைக்கிற ரகக் காதல் பாட்டு. இதற்கா இத்தனை பேச்சு என்று அணைக்கப் போகும்போது இரண்டாவது பாட்டு தொடங்கியது: 'ஜாக் தி பேர்'. பேண்ட் ஒரு வரி வாசித்து நிறுத்துகிறது. அந்தச் சந்தில் டபுள் பேஸ், அதாவது ஆள் உயரத் தந்தி வாத்தியம், ஒன்று தனியாக நுழைந்து பதில் சொல்கிறது. வாசித்தவர் ஜிம்மி பிளாண்டன், வயது 21. இந்த இரண்டு பாட்டும் ஒரே நாளில், 1940 மார்ச் 6-ல் பதிவானவை என்று பிறகு தெரிந்தபோது சிரித்துவிட்டேன். வயிற்றுப்பாட்டுக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று.

ஆனால் முதல் ஒரு வருடம் நான் இதைக் கேட்டதே தப்பாகத்தான். லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் மட்டும் கத்தும், பேஸ் இருக்கிற இடமே தெரியாது. நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கி, அன்று ராத்திரியே 'கோ-கோ'வைப் போட்டேன். ஹாரி கார்னி பாரிடோன் சாக்ஸில் அடி ஸ்வரம் ஒன்றைப் பிடித்துக்கொள்ள, கீழே முரசு உருள, மேலே டிராம்போன்கள் உறுமுகின்றன. டிரிக்கி சாம் நான்டன் டிராம்போன் வாயில் வைத்து மூடித் திறப்பது, அடைப்பு எடுக்கும் பிளஞ்சரின் ரப்பர் கிண்ணத்தை! மனிதர் தொண்டை கமறிப் பேசுவது போலவே இருக்கும். பாட்டு கொதித்து ஏறும் இடத்தில் எல்லோரும் சட்டென்று நிறுத்த, பிளாண்டன் மட்டும் இரண்டிரண்டு அடியாக நடந்துவிட்டுப் போகிறார். மூன்று நிமிடம்கூட இல்லை. அந்தக் காலத்து 78 சுழற்சித் தட்டில் அவ்வளவுதான் கொள்ளும். அந்த நெருக்கடியில்தான் எலிங்டன் ஒரு நொடியையும் வீணாக்கவில்லை என்று எனக்குத் தோன்றும்.

ஒரு எச்சரிக்கை: மூன்று தட்டையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள், திகட்டும். ஒரு ராத்திரிக்கு நான்கு பாட்டு என் அளவு. பாட்டுகள் பதிவான தேதி வரிசையில் இருப்பதால் தொடர்கதை போல நகரும். 'கன்செர்டோ ஃபார் கூட்டி' என்று தனக்கென்றே எழுதப்பட்ட பாட்டில் கூட்டி வில்லியம்ஸ் டிரம்பெட்டில் அசத்துகிறார். 1940 கடைசியில் வேறு பேண்ட் நடத்திய பென்னி குட்மனிடம் போய்விடுகிறார். 1941 தொடக்கத்தில் ஆஸ்காப் என்ற பாடலாசிரியர் சங்கத்துக்கும் வானொலி நிலையங்களுக்கும் கட்டணத் தகராறு. எலிங்டன் அதன் உறுப்பினர், அதனால் அவர் பாட்டு வானொலியில் போகாது. கைகொடுத்தது, அந்தச் சங்கத்தில் இல்லாத, பேண்டுக்கு இசை எழுதிய பில்லி ஸ்ட்ரேஹார்ன். அவர் எழுதிய 'டேக் தி ஏ டிரெயின்' பேண்டின் அடையாளப் பாட்டே ஆகிவிட்டது. கூட்டியின் நாற்காலியில் வந்து உட்கார்ந்த ரே நான்ஸ் வாசிக்கும் டிரம்பெட்தான் அதில் கேட்பது.

பெட்டியின் பெயரில் உள்ள இன்னொருவர், டெனர் சாக்ஸபோன் வாசித்த பென் வெப்ஸ்டருக்கு 'காட்டன் டெயில்' ஒன்று போதும். முன்னுரை எதுவும் இல்லாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிற பாட்டு. அதே மனிதர் 'செல்சீ பிரிட்ஜ்'-ல் மூச்சையும் சேர்த்து ஊதுவார். காலை அவசரத்தில் முன்னது, தூக்கம் வராத ராத்திரியில் பின்னது.

குறை இல்லாமல் இல்லை. இரைச்சலைக் குறைக்கிறோம் என்று ஒலியையே மொண்ணையாக்கியிருக்கிறார்கள். சிம்பல் ஓசை போர்வைக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி. 2003-ல் 'நெவர் நோ லமென்ட்' என்ற பெயரில் 75 பாட்டோடு வந்த மறுபதிப்பில் இது பெரும்பாலும் சரியாகிவிட்டது. எலிங்டன் பியானோவும் பிளாண்டன் பேஸும் மட்டும் பேசிக்கொள்ளும் ஜோடிப் பாட்டுகளும் அதில் உண்டு. இன்று புதிதாக வாங்குபவர் அதையே வாங்கலாம். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன்; கை போவது என்னவோ கீறல் விழுந்த பழையதற்குத்தான். குணமா, பழக்கமா தெரியவில்லை.

வெகுநாள் கவனிக்காத ஒன்றும் உண்டு. பெட்டியின் பெயரில் பிளாண்டன் இருந்தாலும் கடைசிப் பகுதியில் அவர் இல்லை. காசநோய் முற்றி 1941 முடிவதற்குள் பேண்டை விட்டுப் போய்விட்டார். 'பெர்டிடோ', 'சி ஜாம் ப்ளூஸ்', 'மெயின் ஸ்டெம்' எல்லாவற்றிலும் பேஸ் ஜூனியர் ராக்லின். இது தெரியாமல் பல வருடம் அவற்றையும் பிளாண்டன் என்றே ரசித்திருக்கிறேன். தெரிந்த பிறகு கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று இருக்கிறது. ராக்லின் உறுதியாக நடக்கிறார், ஆனால் சந்து கிடைத்தால் புகுந்து பேசுவதில்லை.

தொகுப்பின் கடைசிப் பதிவுகள் 1942 ஜூலை 28-ல் நடந்தவை. அதில் 'ஷெர்மன் ஷஃபிள்' நல்ல குஷியான பாட்டு. இரண்டு நாள் கழித்து, ஜூலை 30-ல், கலிஃபோர்னியாவில் பிளாண்டன் இறந்துபோனார், 23 வயது. ஆகஸ்ட் 1-லிருந்து இசைக்கலைஞர் சங்கத்தின் ஒலிப்பதிவுத் தடை. மூன்றாவது தட்டு முடிந்ததும் நான் சிடியை மாற்றி, முதல் தட்டின் இரண்டாவது பாட்டைத்தான் போடுகிறேன். முதல் பாட்டு இன்னும் பிடிக்கவில்லை.