அட்டன் ரொட்டிக்கடை: நாக்கை இழுக்கும் தேங்காய் வாசனை

இலங்கை மலையகத்து அட்டன் பஸ் நிலையத்துப் பக்கத்துச் சின்னக் கடை. வயிறு நிறைந்தவரையும் உள்ளே இழுப்பது கல்லில் வறுபடும் தேங்காய்ப்பூவின் வாசனை. 2 கோப்பை கோதுமை மாவுக்கு 1 கோப்பை தேங்காய்ப்பூ, உப்பு, இளஞ்சூட்டுத் தண்ணீர். பிசைந்த மாவை 20 நிமிடமாவது மூடி வைத்த பிறகே தட்டுகிறார்கள். பல கடைகள் சறுக்குவது இங்கேதான்: ஊறாத மாவு ரொட்டி ஆறியதும் தோலாக இழுபடும், தண்ணீர் கூடினால் நடு வேகாது. கனத்த இரும்புக் கல், நடுத்தரத் தீ என்பதால் இங்கே ஓரம் மொறுமொறுப்பு, உள்ளே மென்மை.

கட்டச்சம்பல் அதைவிட மேல். செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், மாசி (உலர்த்திய சூரை மீன்), உப்பு எல்லாம் அம்மியில். தேசிக்காய்ப்புளி பரிமாறும்போது மட்டும். முன்பே பிழிந்தால் வெங்காயம் நீர்விட்டு உறைப்பு மங்கும். மிக்சியில் அடித்த களிச்சம்பலுக்கும் இதற்கும் பேச்சே இல்லை.

குறை பிளேன்டீயில், அதாவது பால் சேர்க்காத தேநீரில். இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 96 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் தூள் 3, 4 நிமிடம் ஊற வேண்டும். அவசரத்தில் வடிக்கிறார்கள். தேயிலை ஊரில் இது மனசுக்குக் கஷ்டம். "கொஞ்சம் ஊறவிட்டுத் தாங்க அண்ணே" என்றால் சாயம் ஏறித்தான் வரும்.

பார்சல் வேண்டாம், ஆவியில் ரொட்டி நமுத்துப்போகும்.