கடன் மதிப்பெண் ஏற்றித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்: என் ஒரு மாதச் சம்பளம் போய்விட்டது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என்னைப் போல முதல் வேலையில் இருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம் கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தேன். கடன் வரலாறு இல்லை, அதனால் கடன் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவோமா என்று கணிக்கும் கிரெடிட் ஸ்கோர்) இல்லை என்று நிராகரித்தார்கள். யாரிடமும் கடன் வாங்காமல் இருந்ததே குற்றம் போல ஆகிவிட்டது. அந்த ஆற்றாமையில் தேடியபோது கண்ணில் பட்டது, '45 நாளில் நல்ல மதிப்பெண்' என்று விளம்பரம் செய்யும் ஓர் இணையச் சேவை.

பேசியவர் எடுத்த எடுப்பில் பணம் கேட்கவில்லை. அங்கேதான் நம்பினேன். சம்பளம், வாடகை எல்லாவற்றையும் பொறுமையாக விசாரித்தார். "தம்பி, இதையெல்லாம் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பிறகு ஒரு படம் அனுப்பினார். மதிப்பெண்ணைக் காட்டும் அரைவட்ட மீட்டர், பச்சையில் நிற்கும் முள், கீழே என் பெயர். அதைப் பார்த்துத்தான் ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே அனுப்பினேன். அடையாள அட்டை நகலும் கொடுத்தேன். அவர் கேட்ட போதெல்லாம் ஓடிபியை வாசித்துக் காட்டினேன்.

45 நாள் முடிந்து கேட்டால், "அமைப்பில் புதுப்பிப்பு நடக்கிறது." அடுத்த வாரம், "மேலதிகாரி அழைப்பார்." அதற்கடுத்த வாரம் வேறொரு பெண் குரல்: "சார், கட்டணம் திரும்பத் தரப்படாது என்பதற்கு நீங்கள்தானே ஒப்புக்கொண்டீர்கள்?" தம்பி சார் ஆகிவிட்டான். இப்போது அழைப்பே போவதில்லை. ஒரு மாதச் சம்பளம்!

நேற்று என் கடன் அறிக்கையை (நம் கடன் விவரங்கள் பதிவாகும் கிரெடிட் ரிப்போர்ட்) நானே எடுத்துப் பார்த்தேன். கணக்குகள் என்ற இடம் காலி. விசாரணைகள் என்ற இடத்தில் மட்டும் ஒரே வாரத்தில் ஆறு வரிகள். என் பெயரில் ஆறு இடங்களில் கடன் கேட்டிருக்கிறார்கள், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அடுத்தடுத்துக் கடன் கேட்டு அலைபவன் என்பதே இனி எனக்குக் கடன் தருபவர் முதலில் காணும் செய்தி. வெறும் தாளாக இருந்ததைக் கறையாக்கிவிட்டார்கள், அதுவும் என் காசிலேயே.

வரலாறு எழுதுவது கடன் கொடுத்தவர்கள் அனுப்பும் தவணைத் தகவல்தான். நடுவில் நிற்கும் எவராலும் அந்தத் தவணை வரலாற்றில் ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது. இது அன்றே தெரிந்திருந்தால்!

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. வைப்புத்தொகையைப் பிணையாக வைத்துத் தரும் கார்டை வங்கியிலேயே கேளுங்கள். சிறிதாகச் செலவழித்து, கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டுங்கள். மதிப்பெண் உருவாகச் சில மாதங்கள் ஆகும். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. ஓடிபியை எவருக்கும் சொல்லாதீர்கள்.

அந்த ஆறு விண்ணப்பங்களும் என் அனுமதி இல்லாமல் போனவை என்று இன்று காலை எழுத்தில் புகார் கொடுத்துவிட்டேன். ரசீது, அழைப்புப் பதிவு, அந்தப் பச்சை முள் படம் மூன்றையும் இணைத்திருக்கிறேன். இதே ஆட்களிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் நீங்களும் இன்றே புகார் கொடுங்கள்.