லோக்கல் அக்கவுண்டோடு ஒன்றரை வருடம்

இணையமே தொடாமல் ஒரு புதுக் கம்ப்யூட்டரைத் தயார் செய்து, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமல், அந்த மெஷினுக்குள் மட்டுமே இருக்கும் லோக்கல் அக்கவுண்டிலேயே ஒன்றரை வருடம் ஓட்டியிருக்கிறேன். விண்டோஸ் 11 ஆரம்பத்திலேயே இணையமும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டும் கட்டாயம் என்கிறது, அதைத் தாண்டித்தான். எப்படிச் செய்வது என்று எழுதாதவர்கள் இல்லை. செய்த பிறகு என்ன ஆகும் என்றுதான் யாரும் எழுதுவதில்லை, அதனால் இது.

முதலில் அந்தப் பத்து நிமிட வேலையை முடித்துவிடலாம். என் மெஷினில் இருந்தது விண்டோஸ் 11 ஹோம், 24எச்2 பதிப்பு. நாடு, கீபோர்ட் எல்லாம் கேட்டுவிட்டு வைஃபை பட்டியல் வரும், கீழே 'நெக்ஸ்ட்' பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். அங்கேயே ஷிஃப்டும் எஃப்10ம் சேர்த்து அழுத்தினால் (சில லேப்டாப்பில் எஃப்என் விசையும் சேர்க்க வேண்டும்) கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னல் திறக்கும். ஓஓபிஈ, ஒரு பின்சாய்வுக்கோடு, பைபாஸ்என்ஆர்ஓ (oobe\bypassnro) என்று இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டினேன். மெஷின் ஒருமுறை அணைந்து எழுந்தது. இந்த முறை அதே திரையில் 'எனக்கு இணையம் இல்லை' என்று ஒரு வழி முளைத்திருந்தது.

இந்த வழி நிரந்தரம் என்று நம்பாதீர்கள். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது ஹோம் பதிப்புக்கு மட்டும் இருந்த கட்டாயம் 2022ல் சொந்தப் பயன்பாட்டுக்கு அமைக்கும் புரோ பதிப்புக்கும் வந்தது. 2025 மார்ச்சில் சோதனைப் பதிப்புகளிலிருந்து பைபாஸ்என்ஆர்ஓவையே எடுத்தார்கள், அதற்கு மாற்றாகப் பரவிய இன்னொரு கட்டளையை அதே வருடம் அக்டோபரில் அங்கேயே அடைத்தார்கள். நானாக இருந்தால் இப்போது நேராக ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளுக்குப் போய்விடுவேன். பென் டிரைவில் விண்டோஸை ஏற்றும்போதே ஆன்லைன் அக்கவுண்ட் கட்டாயத்தை நீக்கவா, இந்தப் பெயரில் லோக்கல் அக்கவுண்ட் உருவாக்கவா என்று அது கேட்கும். டிக் அடித்தால் போதும். புரோ வைத்திருப்பவர்களுக்கு அலுவலகப் பயன்பாடு என்று தேர்ந்து, உள்நுழையும் வழிகளில் 'டொமைன் ஜாயின்' (அலுவலக வலையமைப்பில் சேர்வது) பக்கம் போகும் பாதையும் உண்டு.

அடுத்து பெயர். இங்கேதான் நான் முதல் தப்பைச் செய்தேன். பழைய கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இருந்ததால் யூசர் ஃபோல்டருக்கு மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்துகள் பெயராக வந்து, அரைகுறையாய் வெட்டப்பட்ட அந்தச் சொல்லை வருடக்கணக்கில் பார்த்துச் சலித்திருந்தேன். இந்த முறை நம் இஷ்டம்தானே என்று பெயரைத் தமிழிலேயே அடித்தேன். வரவேற்புத் திரையில் பார்க்க அவ்வளவு அழகு. மறுநாள் ஒரு பழைய ஸ்கேனர் மென்பொருளைப் போட்டால், கோப்பைச் சேமிக்க இடமே கிடைக்கவில்லை என்றது. பார்த்தால், பாதையில் தமிழ் எழுத்து வந்த இடமெல்லாம் கேள்விக்குறியாக மாறியிருந்தது. அக்கவுண்டின் பெயரை மாற்றினால் காட்டும் பெயர் மட்டும்தான் மாறும், சி டிரைவில் உருவான ஃபோல்டர் அப்படியே நிற்கும். மறுபடி முதலிலிருந்து. சரியான வரிசை இதுதான்: முதலில் இடைவெளி இல்லாத சின்ன ஆங்கிலப் பெயர், உள்ளே போன பிறகு காட்டும் பெயரைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பாஸ்வேர்டைக் கேட்கும்போது காலியாக விட்டுவிடுங்கள். அங்கே ஏதாவது கொடுத்தால் உடனே மூன்று பாதுகாப்புக் கேள்விகள் வரும், பிறந்த ஊர், முதல் செல்லப்பிராணி என்று, தெரிந்தவர் எவரும் ஊகிக்கக்கூடிய சமாச்சாரம். உள்ளே போய் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தி அங்கே பாஸ்வேர்ட் வைத்தால் இந்தக் கேள்விகளே இல்லை.

இரண்டாவது முறை டிஸ்க்கைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். அப்போது டச்பேட் அசையவில்லை, வைஃபை பட்டியலே வரவில்லை. இரண்டையும் இயக்கும் மென்பொருளான டிரைவர் இல்லை. வயர் மவுஸ் ஒன்றைத் தேடி எடுத்தேன். அக்கவுண்ட் உருவான பிறகு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, போனின் இணையத்தைப் பகிரும் டெதரிங் போட்டதும் இணையம் வந்தது, மிச்ச டிரைவர்கள் தானாக இறங்கின. லைசன்ஸும் அப்போதுதான் ஆக்டிவேட் ஆனது. லைசன்ஸ் சாவி மதர்போர்டிலேயே இருப்பதால் அதற்கு எந்த அக்கவுண்டும் தேவைப்படவில்லை.

ஒரு சின்ன விஷயம். பழைய தமிழ் ஆவணங்களைத் திறந்தபோது வரிகள் எல்லாம் நகர்ந்து, பக்க எண்ணிக்கை மாறியிருந்தது. லதா எழுத்துரு இப்போது விண்டோஸோடு நேராக வருவதில்லை, விருப்பக் கூறுகளில் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்று தனியாக இருக்கிறது, அதை இறக்க இணையம் வேண்டும். அதுவரை நிர்மலா யூஐ என்ற எழுத்துருதான் இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்.

அப்புறம் மாதக்கணக்கில் நிம்மதி. டெஸ்க்டாப்பில் வைத்த கோப்பு டெஸ்க்டாப்பில்தான் இருந்தது, கேட்காமல் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்குள் போய் 5 ஜிபி நிறைந்துவிட்டது என்று புலம்பவில்லை. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு 'அமைப்பை முடிக்கலாமா' என்று முழுத்திரையில் கேட்பதை மட்டும் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பக்கத்தின் அடியில் போய் அணைக்க வேண்டியிருந்தது. ஸ்டோரில் இலவசச் செயலிகளை அக்கவுண்ட் இல்லாமலே இறக்க முடிகிறது. ஏதாவது ஒன்றுக்காக உள்நுழைந்தே ஆக வேண்டும் என்றால் கவனம்: பெரிய பொத்தானை அழுத்தினால் உங்கள் லோக்கல் அக்கவுண்டே மாறிப்போகும், 'மைக்ரோசாஃப்ட் செயலிகளுக்கு மட்டும்' என்று அடியில் சின்னதாக ஒரு வரி இருக்கும், அதைத்தான் தொட வேண்டும்.

ஆறு மாதம் கழித்து வேறு எதற்காகவோ அட்மின் கறுப்பு ஜன்னலில் டிஸ்க் நிலையைக் கேட்டேன். குறியாக்கம் (என்கிரிப்ஷன்) 100 சதவீதம் என்றது. ஆகா என்று அடுத்த வரிக்குப் போனால், பாதுகாப்பு அணைந்திருக்கிறது என்றது. முதலில் புரியவில்லை. படித்துப் பார்த்த பிறகு விளங்கியது. இந்த மாதிரி மெஷின்களில் விண்டோஸ் டிஸ்க்கைத் தானாகவே குறியாக்கம் செய்துவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்தால் 48 இலக்க மீட்புச் சாவி அங்கே ஏறி, பிறகுதான் பாதுகாப்பு உயிர் பெறும். லோக்கல் அக்கவுண்ட் என்றால் குறியாக்கச் சாவி டிஸ்க்கிலேயே திறந்தபடி கிடக்கும். பூட்டைப் பூட்டி, சாவியை அதிலேயே தொங்கவிட்டுப் போவது போல. ஆறு மாதமாக அந்த லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன்! எவனாவது தூக்கிப்போய் டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டியிருந்தால் என் பாஸ்வேர்ட் ஒரு தடையே இல்லை.

புரோ என்றால் விண்டோஸின் டிஸ்க் குறியாக்க வசதியான பிட்லாக்கரை நீங்களே முடுக்கி, சாவியைப் பென் டிரைவிலோ தாளிலோ வைத்துக்கொள்ளலாம். ஹோமில் அந்தப் பொத்தான் இல்லை. நான் வெராகிரிப்ட் என்ற இலவசக் குறியாக்க மென்பொருளைப் போட்டு 50 ஜிபிக்கு ஒரு பெட்டி உருவாக்கி, முக்கியமான ஆவணங்களை அதற்குள் தள்ளிவிட்டேன். காலையில் ஒருமுறை திறக்க வேண்டும், இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

பாஸ்வேர்ட் கதை இன்னும் மோசம். லோக்கல் அக்கவுண்டிலும் பின் நம்பர் வைக்கலாம், வைத்தேன், தினமும் நாலு எண்ணைத் தட்டித் தட்டி உண்மையான பாஸ்வேர்ட் நினைவிலிருந்தே போய்விட்டது. ஒரு நாள் பின் நம்பரை நீக்கப் போனபோது அது பாஸ்வேர்டைக் கேட்டது, நான் சுவரைப் பார்த்தேன். ஆன்லைனில் மீட்க வழி கிடையாது. நல்லவேளை, கன்ட்ரோல் பேனலில் இருக்கும் பாஸ்வேர்ட் ரீசெட் டிஸ்க்கை ஆரம்பத்திலேயே ஒரு பழைய பென் டிரைவில் செய்து வைத்திருந்தேன். இன்னொரு அட்மின் அக்கவுண்டிலிருந்து மாற்றவும் முடியும், ஆனால் அப்படி வலுக்கட்டாயமாக மாற்றினால் விண்டோஸ் சேமித்து வைத்திருக்கும் மற்றப் பாஸ்வேர்டுகள் கைவிட்டுப் போகலாம்.

பேக்அப்புக்கு, கோப்புகளின் பழைய வடிவங்களைச் சேமித்துவைக்கும் ஃபைல் ஹிஸ்டரி, வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒருமுறை மூன்று நாள் உழைத்த கோப்பின் மேல் வேறொன்றைச் சேமித்துவிட்டு, ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறதே என்று தெம்பாகப் போய்ப் பார்த்தால் இல்லை. கோப்பு கிடந்தது டவுன்லோட்ஸில். ஃபைல் ஹிஸ்டரி டெஸ்க்டாப்பையும் ஆவணங்கள், படங்கள் போன்ற லைப்ரரிகளையும்தான் பார்க்கும், டவுன்லோட்ஸை நாமாகச் சேர்த்தால்தான் உண்டு. மூன்று நாள் வேலையை ஒன்றரை நாளில் திரும்பச் செய்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு லோக்கல் அக்கவுண்ட்தான். அடுத்த மெஷினிலும் அதுவே.

ஆனால் போன மாதம் அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது பைபாஸ் எதுவும் பண்ணாமல் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டைத்தான் போட்டுக் கொடுத்தேன். அம்மா பாஸ்வேர்டை மறந்தால் போனில் இரண்டு நிமிடத்தில் மீட்டுவிடலாம், பக்கத்தில் நான் இருக்க வேண்டியதில்லை. அந்த மின்னஞ்சலைப் பல வருடம் முன்பு உருவாக்கிக் கொடுத்ததும் நான்தான், என் செல்லப் பெயரில் ஆரம்பிக்கும். அதனால் அம்மாவின் சி டிரைவில் என் பெயரின் முதல் ஐந்து எழுத்தோடு ஒரு ஃபோல்டர் உட்கார்ந்திருக்கிறது. அம்மா இன்னும் கவனிக்கவில்லை.