ஹைபர்னேட் 6: அந்த 255 பரவாயில்லை, 2 தான் வம்பு

நகைக்கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. ஜாவா, ஸ்பிரிங் பூட் 3, ஜாவா ஆப்ஜெக்ட்டுகளை டேபிளில் சேமித்து எடுத்துத் தரும் ஹைபர்னேட் 6, கீழே டேட்டாபேஸாக போஸ்ட்கிரெஸ். ஹைபர்னேட்டின் வேகம், கேச் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நாம் அளவு எதுவும் சொல்லாமல் விட்டால் அது டேபிளில் தானாக என்ன வைக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர் என்றால் வார்கேர் 255: அதிகபட்சம் 255 குறி. இது ஹைபர்னேட் பின்பற்றும் ஜேபிஏ தரத்திலேயே உள்ள எண், ஹைபர்னேட்டைக் குறை சொல்ல முடியாது. வாடிக்கையாளர் பெயருக்கு ஏராளம். முகவரியைத் தமிழில் அடித்தாலும் பெரும்பாலும் போதும், ஏனென்றால் போஸ்ட்கிரெஸ் பைட்டை எண்ணுவதில்லை, குறியைத்தான் எண்ணுகிறது. என்ன, புள்ளியும் உகரமும் தனித்தனிக் குறிகள். 'முருகன்' நாலெழுத்துதான், 7 இடம் எடுக்கும். நீளமான குறிப்புகளுக்கு லெங்த்தை நாமே கொடுத்துவிட வேண்டும். ஹைபர்னேட் 6-இல் லாங்32 என்று ஒரு மாறிலி இருக்கிறது. அதைப் போட்டால் போஸ்ட்கிரெஸில் நீள வரம்பு குறிக்காத டெக்ஸ்ட் ஆகிவிடும். எப்படியும் 256-ஆவது குறி வந்தால் போஸ்ட்கிரெஸ் பிழை காட்டி நிறுத்திவிடும். அந்த மட்டில் நிம்மதி.

தசம எண்களுக்கான பிக்டெசிமல் சங்கதி வேறு. ஹைபர்னேட் 5-இல் அது நியூமெரிக் (19,2): மொத்தம் 19 இலக்கம், அதில் தசமத்துக்குப் பின்னால் 2. 6-இல் (38,2). மொத்த இலக்கத்தை இரட்டிப்பாக்கியவர்கள் தசமத்துக்குப் பின்னால் உள்ள 2-ஐத் தொடவே இல்லை. ரூபாய், பைசா என்றால் சரி. தங்கத்தின் எடைக்கு? தராசு மில்லிகிராம் வரை காட்டும், பில்லிலும் மூன்று தசமம் வேண்டும். 3.486 கிராம் மோதிரத்தைச் சேமித்தால் டேபிளில் 3.49 போய் உட்காரும். பிழை கிடையாது, எச்சரிக்கை கிடையாது. போஸ்ட்கிரெஸ் சத்தமில்லாமல் ரவுண்ட் செய்துவிடும். 4 மில்லிகிராம்தானே என்று நமக்குத் தோன்றலாம். ராத்திரி கடை மூடும்போது ஸ்டாக் எடை டேலி ஆகாவிட்டால் முதலாளிக்கு அப்படித் தோன்றாது.

இதைவிடக் குசும்பு ஒன்று உண்டு. சேமித்த அதே செஷனில் (ஹைபர்னேட் டேட்டாபேஸோடு பேசும் ஒரு அமர்வு) ஐடி கொடுத்துத் திரும்பக் கேட்டால் 3.486 தான் வரும். ஹைபர்னேட் டேபிள் பக்கமே போகாமல், கையில் வைத்திருக்கிற ஆப்ஜெக்ட்டையே எடுத்து நீட்டும். டெஸ்ட் எல்லாம் பச்சை. ஃப்ளஷ் (டேபிளுக்கு எழுதித் தள்ளுவது), கிளியர் (கையில் இருப்பதை விட்டுவிடுவது) இரண்டும் செய்துவிட்டுப் படித்தால்தான் 3.49 பல்லிளிக்கும். எடை சம்பந்தப்பட்ட டெஸ்டுகளில் இந்த இரண்டு வரியும் இல்லாவிட்டால் அந்த டெஸ்டை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

சரிசெய்வது சுலபம்: பிரிசிஷன் (மொத்த இலக்கம்) 12, ஸ்கேல் (தசம இலக்கம்) 3 என்று ஃபீல்டுக்கு மேலே அன்னோட்டேஷனில் எழுதினால் முடிந்தது. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். பிரிசிஷனை மட்டும் எழுதினால் ஜேபிஏ-யின் இயல்பு மதிப்பான ஸ்கேல் 0 வந்துவிடும். அப்புறம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டேபிளுக்கு அன்னோட்டேஷனை மட்டும் நம்ப வேண்டாம், டேபிள் மாற்றங்களை நடத்தும் ஃப்ளைவேயில் ஒரு ஆல்டர் கட்டளை எழுதிவிடுங்கள். ரவுண்ட் ஆகிப்போன எடைகள் எப்படியும் திரும்ப வராது.

இதே வேலையைச் செய்யும் மற்றவர்கள் எப்படி? பைத்தானில் உள்ள ஜாங்கோவின் டெசிமல்ஃபீல்டு மொத்த இலக்கம், தசம இலக்கம் இரண்டையும் கேட்டு வாங்காமல் விடாது. கொஞ்சம் நச்சரிப்புதான், ஆனால் எனக்குப் பிடித்த நச்சரிப்பு. மைக்ரோசாஃப்டின் ஈஎஃப் கோர், எஸ்கியூஎல் சர்வரில் (18,2) தான் வைக்கும். இருந்தாலும் அளவு சொல்லாத டெசிமலைப் பார்த்தால் லாக்கில் ஒரு எச்சரிக்கையாவது எழுதும். ஸ்ட்ரிங் விஷயத்தில் அது எதிர்க்கோடி: அளவு சொல்லாவிட்டால் என்வார்கேர் மேக்ஸ், அதாவது கிட்டத்தட்ட வரம்பே இல்லை, இண்டெக்ஸ் போட்டால் 450. அதற்கு 255 எவ்வளவோ மேல்.

ஸ்ட்ரிங்குக்கு 5-க்கு 4 தருவேன். பிக்டெசிமலுக்கு 2, அதுவும் பணத்துக்குப் பொருந்துகிறது என்பதற்காக.