மகளின் தேர்வு ஓவியத்துக்குச் சட்டமிட்ட கடை

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பு ஓவியப் பாடத்தில் செய்முறைக்கே 70 மதிப்பெண்கள் என்பதால், என் மகள் பல வாரங்கள் உழைத்து முடித்த கபாலீசுவரர் கோயில் தெப்பக்குள நீர்வண்ண ஓவியத்தை, மயிலாப்பூர் மாடவீதிப் பக்கமுள்ள சட்டமிடும் கடை ஒன்றில் கொடுத்தோம். தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் சென்னையின் ஈரப்பதத்தில் பூசணம் பிடிக்கும் என்று கடைக்காரர் தாமாகவே விளக்கி, இரண்டுக்கும் இடைவெளி விடும்படி அமிலமற்ற மவுண்ட் அட்டை வைத்தார். தாள் முழுவதும் பசை தடவாமல் மேல்விளிம்பை மட்டும் காகித நாடாவால் பிடித்துத் தொங்கவிட்டதால், அது ஈரத்தில் விரிந்து சுருங்க இடம் கிடைத்தது. இந்தக் கவனம் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை.

தங்கநிறச் சட்டத்தையே அவர் வற்புறுத்தினார் (கல்யாணப் படங்களுக்குப் பழகிய கை போலும்). நாங்கள் மெல்லிய தேக்குச் சட்டத்திலேயே உறுதியாக நின்றோம். விலை நியாயமானது. ஆனால் சொன்ன நாளுக்கு நான்கு நாள் கழித்து, பள்ளியில் காட்சிக்கு வைப்பதற்கு முந்தைய மாலையில்தான் படம் கைக்கு வந்தது. கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு தூசியும் இருந்தது. சுட்டிக்காட்டியதும் முகம் சுளிக்காமல் பிரித்துத் துடைத்துத் தந்தார். தேர்வுக்காகக் கொடுப்பவர்கள் இரண்டு வாரம் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும்.