5 மணி 30 நிமிடம் பின்னால் ஓடுகிறதா? பேட்டரியை மாற்ற வேண்டாம்: கணினிக் கடிகாரம் நீண்ட காலப் புழக்கத்தில்

கம்ப்யூட்டரில் நேரம் தப்பாகக் காட்டுகிறது என்று சொன்னதுமே கடையில் வரும் பதில், ‘சிமோஸ் பேட்டரி போயிருக்கும், மாத்திடலாம்’. கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடவைக்கும் சிறு பேட்டரி அது. அந்தப் பதில் சரியாகவும் இருக்கலாம். ஆனால் புது பேட்டரி போட்ட மறுநாளே அதே கோளாறு திரும்பி வரும் கணினிகளும் ஏராளம். கேபினெட்டைத் திறக்கும் முன் இரண்டைக் குறித்துக்கொண்டால் போதும்: கடிகாரம் எவ்வளவு தப்பு, எப்போது தப்பாகிறது.

தேதி பல ஆண்டுகள் பின்னால் போய், மதர்போர்டு தயாரான காலத்தைக் காட்டினால் அது பேட்டரிதான். நாள் சரி, மணி மட்டும் சரியாக 5 மணி 30 நிமிடம் தள்ளியிருந்தால், அதே கணினியில் விண்டோஸுடன் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருக்கிறதா என்று பாருங்கள். 12 மணி 30 நிமிடமோ 13 மணி 30 நிமிடமோ பின்னால் இருந்தால், புதிதாக விண்டோஸ் போட்டவர் அமெரிக்காவின் பசிபிக் நேர மண்டலத்தை மாற்றாமல் விட்டிருக்கிறார்; அங்கே கோடைகால நேரம் நடக்கும் மாதங்களில் வித்தியாசம் 12:30, மற்ற மாதங்களில் 13:30. நிமிட முள் சரியாக இருந்து மணி மட்டும் 12 மாறினால் காலை மாலைக் குழப்பம். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நிமிடங்கள் விலகினால் இணைய நேர ஒத்திசைவு நின்றுபோயிருக்கிறது. பேட்டரிக்கு மணிக்கணக்கு தெரியாது. வித்தியாசம் ‘சுத்தமான’ எண்ணாக வந்தால் அது செட்டிங் கோளாறு.

மண்டலத்தைச் சரிசெய்வது ஒரு நிமிட வேலை. விண்டோஸின் நேர மண்டலப் பட்டியலில் ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி’ என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். இடத்தை அறிந்து மண்டலத்தைத் தானே அமைக்கும் ‘செட் டைம் சோன் ஆட்டோமேட்டிக்கலி’யை மேசைக் கணினியில் அணைத்தே வைக்கலாம். இடம் மாறாத பெட்டிக்கு அது தேவையில்லை. விபிஎன் (இணையத் தொடர்பை வேறு இடம் வழியாகத் திருப்பும் வசதி) போட்டால் தேவையில்லாமல் குழம்பவும் கூடும். இலங்கையில் பழைய எக்ஸ்பி கணினிகளை இன்னும் ஓட்டுபவர்களுக்கு மட்டும் ஒரு தகவல்: அந்த நாடு 2006 ஏப்ரலில்தான், யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைக் கணக்கிட்டால், +6:00-இலிருந்து +5:30-க்குத் திரும்பியது. அதற்கு முந்தைய எக்ஸ்பி சிடியில் இலங்கைக்கான ஸ்ரீ ஜெயவர்த்தனபுர வரியைத் தேர்ந்தெடுத்தால் அரை மணி கூடுதலாகக் காட்டும்.

இனி பேட்டரி. மதர்போர்டில் இருப்பது சிஆர்2032, 3 வோல்ட் லித்தியம் செல். பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. கடிகாரச் சுற்று 5 மைக்ரோ ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 44,000 மணி நேரம், அதாவது 5 ஆண்டு. ஆனால் ஒரே மாடல் கணினி ஒரு வீட்டில் எட்டு ஆண்டு தாங்குகிறது, இன்னொரு வீட்டில் மூன்றிலேயே படுத்துவிடுகிறது. காரணம் சுவரில் இருக்கும் சுவிட்ச். பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, ஷட்டவுன் ஆன கணினிக்கும் பவர் சப்ளையின் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை வருகிறது. கடிகாரம் அதில் ஓடுகிறது, செல் சும்மா இருக்கிறது. இரவெல்லாம் மெயினை அணைத்து வைக்கும் கடைகளிலும் வீடுகளிலும் அந்த நேரம் முழுக்கச் செல்தான் வேலை செய்கிறது. அதற்காகச் சுவிட்சைப் போட்டே வையுங்கள் என்று சொல்லவில்லை. இடி மின்னல் காலத்தில் பவர் சப்ளையை விடச் செல் மலிவு.

கணினி ஓடும்போது நேரம் சரியாக இருந்து, மெயினை அணைத்துப் போட்டால் மட்டும் தப்பானால் சந்தேகமே வேண்டாம். மல்டிமீட்டரில் 20 வோல்ட் டிசி வைத்து அளந்தால் புதுச் செல் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 2.8-க்குக் கீழே வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். இந்த வகைச் செல்லில் வோல்டேஜ் கடைசி வரை சமமாக நின்று திடீரெனச் சரியும் என்பதால், ‘இன்னும் கொஞ்சம் இருக்கிறதே’ என்ற கணக்கு எடுபடாது.

மாற்றும் முன் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பலரும் தாண்டிப்போகும் படி இதுதான். வம்பும் இங்கிருந்துதான் வருகிறது. செல்லைக் கழற்றினால் பல போர்டுகளில் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். கணினி ஹார்டு டிஸ்க்குடன் பேசும் முறையான சாட்டா மோடு ஏஹெச்சிஐ, ரெய்டு இரண்டுக்கிடையில் மாறிப்போனால் விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும். பூட் வரிசை மாறியிருந்தால் ‘டிஸ்க் இல்லை’ என்று சொல்லும். ஹார்டு டிஸ்க் போய்விட்டதென்று பயந்து ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவியைக் கேட்கும். 48 இலக்கங்கள், முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து மீதி மின்சாரத்தை வடித்துவிட்டு, ஓரத்தில் உள்ள கொக்கியைத் தள்ளினால் செல் தானே எழும்பும். கூட்டல் குறி மேலே இருக்கும்படி புதியதைப் போடுங்கள். சிஆர்2025 அரை மில்லிமீட்டருக்கும் மேல் மெல்லியது, ஆடும். எல்ஐஆர்2032 சார்ஜ் ஏற்றக்கூடிய வேறு சாதி; முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரும், போடவே கூடாது. ஓராண்டுக்குள் இரண்டு மூன்று செல் தீர்ந்தால் கடைக்காரரைத் திட்டும் முன் ‘கிளியர் சிமோஸ்’ ஜம்பர் (பயாஸ் அமைப்புகளை அழிக்கப் போர்டில் இருக்கும் சிறு இணைப்பு மூடி) அழிக்கும் நிலையிலேயே விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

செல் புதிது, ஆனாலும் விண்டோஸ் நேரத்தைத் திருத்த மறுக்கிறது. பலரைச் சுற்றவிடும் இடம் இது. வீட்டுக் கணினியில் விண்டோஸ் டைம் சேவைக்கு ஒரு வரம்பு உண்டு: வித்தியாசம் 54,000 விநாடியை, அதாவது 15 மணி நேரத்தைத் தாண்டினால் ‘தேவைப்படும் மாற்றம் மிகப் பெரிது’ என்று ஒதுங்கிக்கொள்ளும். தேதியோ ஐந்தாறு ஆண்டு பின்னால் நிற்கிறது. அந்தத் தேதியில், தளம் உண்மையானதுதான் என்று காட்டும் இன்றைய இணையதளச் சான்றிதழ்கள் பிறக்கவே இல்லை. எந்தத் தளமும் திறக்காமல் இன்டர்நெட்டே போய்விட்டதுபோல் தோன்றும். விண்டோஸ் 10-இல் வந்த செக்யூர் டைம் சீடிங் சில நேரம் தானே திருத்திவிடும், நம்பிக் காத்திருக்கத் தக்கதல்ல. வழி எளிது: பயாஸிலேயோ செட்டிங்ஸிலேயோ நாளையும் மணியையும் கையால் ஏறத்தாழச் சரியாக வையுங்கள். பிறகு ‘சிங்க் நவ்’ பொத்தானை அழுத்துங்கள். மீதி நிமிடங்களை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அப்போதும் ஒத்திசையவில்லையென்றால் சர்வீசஸ் ஜன்னலில் ‘விண்டோஸ் டைம்’ முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கணினியை ‘வேகப்படுத்தும்’ மென்பொருள்கள் இதை அணைத்துவிடுவதுண்டு. அலுவலக ஃபயர்வால், நேர ஒத்திசைவு போய்வரும் யுடிபி 123 என்ற வாசலை அடைத்திருந்தாலும் இதே கதை. விண்டோஸில் நேர சர்வரின் பெயர் எழுதும் கட்டத்தில் உள்ள டைம் டாட் விண்டோஸ் டாட் காம் பதில் தராவிட்டால், இந்தியாவில் டைம் டாட் என்பிஎல்இந்தியா டாட் ஆர்க் போடலாம். இந்திய நேரத்தைப் பேணும் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வர் அது. ஒத்திசைவு அவசியம்தான்: 32,768 ஹெர்ட்ஸ் படிகத்தில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிழை இருந்தாலே நாளுக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு 50 விநாடி விலகும். கணினியிலேயே 30 விநாடிக்கு ஒருமுறை உள்நுழைவுக் குறியீடு தரும் ஆதன்டிகேட்டர் செயலி வைத்திருப்பவர்களுக்கு அந்த விலகலே உள்நுழைய விடாமல் செய்துவிடும்.

லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்த கணினிக்கு வருவோம். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் யுடிசி நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமென்று படிக்கிறது, 5:30 பின்னால். விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதினால் லினக்ஸ் அதை யுடிசி என்று எண்ணி இன்னொரு 5:30 கூட்டும். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் செட்-லோக்கல்-ஆர்டிசி (வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும் அமைப்பு) என்பதை 1 ஆக்கினால் சண்டை ஓயும். இது நல்லதல்ல என்று அந்தக் கட்டளையே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை முக்கியமாகக் கோடைகால நேர மாற்றம் உள்ள நாடுகளுக்கு. ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் இருக்கும் இந்தியாவில் துணிந்து வைக்கலாம்.

லேப்டாப்பில் மட்டும் கதை வேறு. சிலவற்றில் செல் பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு வயரும் கனெக்டருமாக இருக்கும். சிலவற்றில் தனிச் செல்லே கிடையாது, கடிகாரம் பெரிய பேட்டரியில் ஓடுகிறது. அது முழுக்கத் தீர்ந்தால் நேரமும் போகும். திறக்கும் முன் உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள்.