ஹினோ லாரியில் கூலன்ட் ஃபில்டர்: சில வருடம் ஓட்டிய பிறகு

என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை (கூலன்ட்) வடிகட்டுகிற கூலன்ட் ஃபில்டர் ஒன்றை மாட்டிவிட்டால் ரேடியேட்டர், என்ஜின் எல்லாம் உள்ளே தானாகச் சுத்தமாகிவிடும் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். ஆகாது. ஆனாலும் என் வண்டியில் அது இன்னும் இருக்கிறது, அடுத்த வண்டி வாங்கினாலும் முதல் வேலையாக அதைத்தான் மாட்டுவேன். ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

வண்டி ஹினோ ரேஞ்சர், ஜே08சி என்ஜின், ஆறு சிலிண்டர், 8 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பர்மாவில் ஓடுகிற பெரும்பாலான லாரிகளைப் போல இதுவும் ஜப்பானில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்ததுதான். பெகு பக்கத்திலிருந்து உளுந்து, பச்சைப்பயறு ஏற்றிக்கொண்டு ரங்கூன் பயின்னவுங் சந்தைக்குப் போவது வழக்கமான ஓட்டம், அந்த லோடு குறைகிற மாதங்களில் மெய்த்திலா வழியாகக் கலோ மலை ஏறி அவுங்பானில் கோஸ், உருளைக்கிழங்கு எடுத்து வருவோம். ரங்கூன் ஓட்டம் என்ஜினுக்கு ஒரு வேலையே இல்லை. கலோ ஏற்றம்தான் சோதனை. கீழே சமவெளியில் ஏப்ரல் மாதம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 2024 ஏப்ரல் 28 அன்று மகுவே வட்டாரத்தில் சவுக் ஊரில் 48.2 டிகிரி பதிவானது. அந்த வெயிலில் முழு லோடோடு கிளம்பி 1,300 மீட்டர் உயரம் ஏற வேண்டும், அந்த உயரத்தில் வெறும் தண்ணீர் 96 டிகிரிக்குக் கீழேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதாலும் கூலன்ட் கலந்திருப்பதாலும்தான் கொதிக்காமல் தாங்குகிறது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து போயிருந்தால் மற்றது எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. மலிவான பொருள், ஆனால் அதை மாற்றுகிறவர்கள் குறைவு.

சரி, ஃபில்டருக்கு வருகிறேன். இது என்ஜின் ஆயில் ஃபில்டர் மாதிரியே இருக்கும் ஒரு டப்பா, திருகி மாட்டுவது. பெரிய அமெரிக்க லாரி என்ஜின்கள் பலவற்றில் கம்பெனியிலிருந்தே வரும், நம் ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் தனியாக வாங்கித்தான் மாட்ட வேண்டும். கூலன்ட் முழுவதும் இதன் வழியாகப் போவதில்லை. தண்ணீர் பம்ப்பின் அழுத்தப் பக்கத்திலிருந்து ஒரு சிறு கிளை எடுத்து, ஃபில்டர் வழியாக விட்டு, உறிஞ்சும் பக்கத்தில் சேர்த்துவிடுவார்கள். ஒரு சுற்றில் கொஞ்சம்தான் வடியும், ஆனால் வண்டி நாள் முழுக்க ஓடுவதால் எல்லாத் தண்ணீரும் எப்படியும் ஒருமுறை அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

இந்த அழுத்த வித்தியாசம் தயாராகக் கிடைக்கும் இடம் ஹீட்டர் ஓஸ், அதாவது ஹீட்டருக்குப் போய்த் திரும்பும் ரப்பர் குழாய். நம் ஊரில் கேபினுக்குள் ஹீட்டர் போடுகிறவர் யார்? பல வண்டிகளில் அந்த இரண்டு ஓஸையும் ஒன்றோடொன்று இணைத்துச் சும்மா விட்டிருப்பார்கள், என் வண்டியிலும் அப்படித்தான் இருந்தது, அதனால் மாட்டுவது சுலபமாகப் போய்விட்டது. உங்கள் வண்டியில் ஹீட்டர் இன்னும் வேலை செய்தால் ஹீட்டர் வால்வுக்கு முன்னாலேயே கிளை எடுங்கள். வால்வை மூடினதும் ஃபில்டருக்குப் போகிற ஓட்டமும் நின்றுவிடும்படி மாட்டித் தந்த பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன், வருடக்கணக்கில் டப்பா சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். ஃபில்டருக்கு இரண்டு பக்கமும் மூடுகிற வால்வு வைத்துவிடுங்கள், மாற்றும்போது கூலன்ட்டை இறக்க வேண்டியிருக்காது.

முதல் ஃபில்டரை நான் சீக்கிரமே கழற்றி, ரம்பத்தால் அறுத்துக் காகிதத்தை விரித்துப் பார்த்தேன். இதை எல்லோரும் கட்டாயம் செய்யவேண்டும். துருத்தூள், வார்ப்பு மணல், பழைய கேஸ்கட் பசைத் துணுக்குகள், அப்புறம் மஞ்சளாக ஒரு சேறு. மஞ்சள் தூள்தான், நம் அடுப்படி மஞ்சள்! முந்தைய சொந்தக்காரரோ அவருடைய டிரைவரோ ரேடியேட்டர் ஒழுக்கை அடைக்கக் கொட்டியிருக்கிறார்கள். வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் கடையில் விற்கிற ஒழுக்கு அடைப்பான்களும் சரி, மஞ்சளும் சரி, ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் போய் உட்காரும், ஃபில்டர் இருந்தால் முதலில் அதில்தான் நிறையும். அடுத்தடுத்த ஃபில்டர்களில் இந்தக் குப்பை குறைந்துகொண்டே வந்தது. இப்போது அறுத்தால் காகிதம் ஏறக்குறைய வந்த நிறத்திலேயே இருக்கிறது. தண்ணீர் பம்ப்பின் சீலுக்கு இது பெரிய நிம்மதி, மணலும் துருவும்தான் அதைத் தேய்ப்பவை.

ஃபில்டர் செய்யாதது என்ன என்பதுதான் முக்கியம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அது பிடிக்காது. மெய்த்திலா, மகுவே பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் காய்ச்சிப் பாருங்கள், அடியில் வெள்ளையாக நிற்பது தெரியும். அதே சுண்ணாம்பு என்ஜினுக்குள்ளும் படியும், அதுவும் சூடு எங்கே அதிகமோ அங்கே முதலில், அதாவது ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடி) புகை வெளியேறும் துவாரங்களைச் சுற்றி. அந்தப் படிவு வார்ப்பிரும்பை விடப் பல மடங்கு மோசமாகச் சூட்டைக் கடத்துவதால், மெல்லிய பூச்சு இருந்தாலே போதும், சூடு காட்டும் மீட்டர் முள் நடுவில் நிற்கும்போதே ஹெட் உள்ளே வெந்துகொண்டிருக்கும். வழியோரக் கடையில் ஒரு வாளி தண்ணீர் வாங்கி ஊற்றுகிற பழக்கம் இருக்கும் வரை எந்த ஃபில்டரும் உதவாது. எங்கள் வண்டியில் கலந்து வைத்த கூலன்ட் கேன் ஒன்று எப்போதும் சீட்டுக்குப் பின்னால் இருக்கும், டிரைவர் தம்பிக்கு நான் போட்ட ஒரே கண்டிப்பான உத்தரவு அதுதான். "அண்ணே, தண்ணி குறைஞ்சிருக்கு, கடையில வாங்கி ஊத்திக்கவா?" என்று ஆரம்பத்தில் போன் பண்ணுவான். இப்போது கேட்பதில்லை. கலப்பதற்குக் காய்ச்சி வடித்த நீர், கிடைக்காவிட்டால் ஆர்ஓ குடிதண்ணீர் கேன். மழைக்காலத்தில் ரங்கூன், பெகு பக்கம் இருப்பவர்களுக்கு வானமே தருகிறது, முதல் மழையை விட்டுவிட்டு பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்துத் துணியில் வடிகட்டினால் கிணற்றுத் தண்ணீரை விட ஆயிரம் மடங்கு மேல். சிமென்ட் தொட்டி வேண்டாம், அதிலிருந்தே சுண்ணாம்பு இறங்கும். பேட்டரித் தண்ணீர் வாங்குவதானால் பாட்டிலைப் பார்த்து வாங்குங்கள், பேட்டரி அமிலமும் அதே அலமாரியில்தான் இருக்கும்.

ஏற்கெனவே படிந்ததை எடுக்க நான் பயன்படுத்தியது எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் வரை போட்டு, என்ஜினைச் சூடாக்கி முக்கால் மணி நேரம் போல ஓடவிட்டு, ஆறியதும் இறக்கிவிட்டேன். காப்பியில் பால் ஊற்றின மாதிரி ஒரு நிறத்தில் வந்தது. ராத்திரி முழுக்க உள்ளே விட்டுவைக்கச் சொல்வார்கள், வேண்டாம், அலுமினிய பாகங்களையும் ரேடியேட்டர் பற்றவைப்பையும் அது அரிக்கும். ரேடியேட்டர் குழாயைத் திறந்தால் மட்டும் போதாது, என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு வடிகால் போல்ட் இருக்கும், அதையும் கழற்ற வேண்டும். கழற்றியும் எதுவும் வராவிட்டால் ஒரு கம்பியை விட்டுக் குத்துங்கள், அடியில் சேறு கெட்டியாகி வாயை மூடியிருக்கும். பிறகு தெளிவாக வரும் வரை தண்ணீர், கடைசிச் சுற்று மட்டும் நல்ல தண்ணீர். ரொம்பப் பழைய ரேடியேட்டர் என்றால் கழுவியபின் ஒழுகலாம், அதுவரை அந்தப் படிவுதான் ஓட்டையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கும். இறக்கின பழைய கூலன்ட்டைச் சாக்கடையோரம் கொட்டாதீர்கள், இனிப்பாக இருக்கும், தெரு நாய் நக்கினால் செத்துப்போகும்.

இன்னொரு விஷயம், தெர்மோஸ்டாட், அதாவது என்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கும் வால்வு. வண்டி என் கைக்கு வந்தபோது அதற்கு முன் பார்த்த பட்டறை அதைக் கழற்றி வீசியிருந்தது, "வெயில் ஊருக்கு இது எதுக்கு" என்பது இங்கே பரவலான ஞானம். அது இல்லாவிட்டால் ரங்கூன் ஓட்டத்தில் என்ஜின் சூடே ஏறாமல் டீசல் குடிக்கும், ஆயில் கருக்கும். மலையில் அதற்கு நேர்மாறு, பல வண்டிகளில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும்படி செய்திருப்பார்கள், அது இல்லையென்றால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கம் போகாமலேயே சுற்றி வரும். திரும்ப மாட்டியபின் கலோ ஏற்றத்தில் முள் நிலையாக நின்றது. உண்மையில் ஃபில்டரை விட இதுதான் பெரிய மாற்றம் என்று சொல்லலாம்.

வெளிப்பக்கம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்: உமி, வைக்கோல் தூள், பூச்சி. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில்தான் சேரும், முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. என்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடிக்க வேண்டும், பிரஷர் கன்னைக் கிட்டே பிடித்தால் தகடுகள் மடிந்துவிடும்.

ஃபில்டர் வாங்கும்போது ரசாயனம் போட்டது, போடாதது என்று இரண்டு வகை உண்டு. ஈர லைனர் (வெளிப்பக்கம் நேராகக் கூலன்ட்டில் நனைகிற சிலிண்டர் உட்குழாய்) உள்ள என்ஜின்களில் லைனர் அதிரும்போது வெளிப்பக்கத்தில் நுண்ணிய குமிழிகள் உண்டாகி உடைந்து இரும்பையே துளைக்கும், அதைத் தடுக்கத்தான் நைட்ரைட் போன்ற சேர்மானங்கள். பழைய வகைக் கூலன்ட்டுக்கு அது தேவை, ஆனால் அளவு மீறினால் அதுவே கெட்டியாகிப் படியும். நீண்ட ஆயுள் கூலன்ட் ஊற்றுகிறவர்கள் ரசாயனம் இல்லாததையே போடுங்கள், நானும் அதுதான். கூலன்ட்டின் நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் இஷ்டத்துக்குச் சாயம் போடுகிறது.

கூலன்ட் கெட்டுவிட்டதா என்று பார்க்க மல்டிமீட்டர் போதும். கறுப்பு வயரைப் பேட்டரி மைனஸில் வைத்து, சிவப்பை உலோகத்தில் படாமல் ரேடியேட்டர் தண்ணீரில் முக்குங்கள், என்ஜின் ஆறியிருக்கும்போது. 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒன்று கூலன்ட் தீர்ந்துவிட்டது, இல்லையென்றால் எங்கோ எர்த் சரியில்லை. கூடுதல் விளக்கு, பாட்டுப்பெட்டி என்று கண்டபடி வயர் இழுத்த வண்டிகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஃபில்டர் செட்டில் எனக்கிருக்கும் ஒரே குறை அதனோடு வந்த தாங்கித் தகடு. பெகு தாண்டிய பழைய ரோட்டின் குலுக்கலில் விரிசல் விட்டது, பட்டறையில் தடித்த இரும்பில் செய்து சேஸிஸில் மாட்டிக்கொண்டேன், என்ஜினில் மாட்டவில்லை. மாற்று ஃபில்டர் மியாவாடி வழியாகத் தாய்லாந்திலிருந்து வருவது, எல்லை நிலவரத்தைப் பொறுத்து கிடைக்கும் அல்லது கிடைக்காது. ஆகவே ஃபில்டரைத் திருகி மாட்டுகிற தலைப்பகுதி வாங்கும்போது 11/16 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், அந்த அளவில் பல கம்பெனி ஃபில்டர்கள் பொருந்தும், ஒன்று வராவிட்டால் இன்னொன்றை மாட்டிக்கொள்ளலாம்.